கேஸ் மட்டும் போதுமா, ஆயிலையும் அளக்க வேண்டுமா? கார் ஏசி சர்வீஸில் உங்கள் வண்டிக்கு எந்த வழி?

சித்திரை வெயில் ஏற ஆரம்பித்ததும் கடலூர், புதுச்சேரி இரண்டு ஊர்களிலும் கார் ஏசி கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, கூலிங் கம்மியா இருக்கு, கேஸ் மட்டும் போட்டு விடுங்க." கேஸ் குறைந்திருக்கலாம், சரி. ஆனால் அந்தக் கேஸ் வெளியே போனபோது கூடவே எவ்வளவு ஆயில் போனது, போன தடவை வேலை பார்த்தவர் எவ்வளவு ஊற்றினார் என்று யாரும் கேட்பதில்லை. கேஸை அமுக்கிச் சுற்ற வைக்கும் கம்ப்ரசர் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் ஆயில் என்ற பேச்சே வருகிறது. அப்போது ஆகும் செலவு, கேஸ் நிரப்பும் செலவைப் போலப் பத்து மடங்கைச் சாதாரணமாகத் தாண்டும்.

நான் கடலூரில் கார் ஏசி வேலை பார்ப்பவன். வண்டிக்காரர்கள் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. கேஸ் மட்டும் டாப்-அப் செய்வது, ஆயில் கலந்த கேன் ஏற்றுவது, மெஷினில் கேஸை முழுக்க எடுத்து அளந்து திரும்ப நிரப்புவது, கழற்றிக் கழுவி ஆயிலைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. எது மலிவு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதி நேரம் தவறாகப் போகும். உள்ளே இருக்கும் ஆயிலைப் பற்றி உங்களுக்கும் உங்கள் மெக்கானிக்குக்கும் எவ்வளவு தெரியும் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என்ஜின் ஆயிலை டிப்ஸ்டிக் இழுத்துப் பார்த்துவிடலாம். ஏசி ஆயிலுக்கு அப்படி எதுவும் கிடையாது. அது ஓர் இடத்தில் தேங்கி நிற்பதும் இல்லை. கேஸோடு கலந்து கம்ப்ரசர், வண்டியின் முன்னால் நின்று சூட்டை வெளியே விடும் கண்டென்சர், சின்னத் துளை வழியாகக் கேஸை விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வு, உள்ளே குளிர்ச்சி தரும் கூலிங் காயில் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏசியை நிறுத்தும் நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி கம்ப்ரசரிலும் மீதி மற்ற பாகங்களிலும் பரவிக் கிடக்கும். சாதாரண சின்னக் கார் ஒன்றில் மொத்த ஆயில் 100 முதல் 150 மில்லி வரைதான் இருக்கும். இன்னோவா மாதிரி பின்னாலும் ஏசி உள்ள வண்டிகளில் குழாய் நீளம் அதிகம், காயிலும் இரண்டு. ஆயிலும் அதற்கேற்பக் கூடும். மொத்தமே இவ்வளவுதான் என்பதால் 30 மில்லி வித்தியாசம்கூடச் சின்ன விஷயம் இல்லை.

ஆயில் குறைந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். கம்ப்ரசருக்குள் பிஸ்டனும் பேரிங்கும் உலோகத்தோடு உலோகம் உரசும், சூடேறும், கடைசியில் பிடித்துக்கொள்ளும். பிடிப்பதற்கு முன் உதிர்ந்த தூள் கண்டென்சருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆயில் கூடினாலும் கெடுதல் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. "நாலு சொட்டு அதிகமா இருந்தா என்ன, நல்லதுதானே" என்று நினைக்கிறார்கள். கூடுதல் ஆயில் கண்டென்சர், கூலிங் காயில் இரண்டின் உட்சுவரிலும் படலமாக ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பில் வைக்க அடிப்பக்கம் மண் பூசிய பாத்திரம் மெதுவாகச் சூடாவது போல, ஆயில் பூசிய குழாயில் வெப்பம் மெதுவாகத்தான் கடக்கும். கேஸ் இருக்க வேண்டிய இடத்தையும் ஆயில் பிடித்துக்கொள்கிறது. பிரஷர் ஏறும், கூலிங் இறங்கும். கூலிங் இறங்கியதைப் பார்த்து இன்னொருவர் இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றுவார். அதுவும் போதாமல் ஆயில் திரவமாகத் திரண்டு கம்ப்ரசருக்குள் வந்தால் வால்வு தகடு உடையும். திரவத்தை அமுக்க முடியாது என்பதுதான் காரணம்.

முதல் வழியான டாப்-அப்புக்கு வருவோம். பிரஷர் காட்டும் மேனிஃபோல்டு கேஜை மாட்டி, சிலிண்டரைத் திறந்து, பிரஷர் குறைந்த குழாய்ப் பக்கமான லோ சைடில் முள் ஏறும்வரை கேஸ் விடுவது. அரை மணி நேர வேலை, செலவும் குறைவு. இதை முழுக்கத் திட்ட மாட்டேன். வண்டியின் வரலாறு தெரியும், எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை, இரண்டு மூன்று வருடத்தில் கொஞ்சம் கேஸ் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் ஆயில் போயிருப்பது மிகக் குறைவாகவே இருக்கும். மெதுவாகக் கசியும் இடத்தில் கேஸ் தப்பிவிடும், ஆயில் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். அந்த நிலையில் ஆயில் சேர்க்காமல் விடுவதுதான் சரியான வேலை.

சிக்கல் எங்கே என்றால், கேஜ் முள்ளைப் பார்த்து உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஏசியை நிறுத்திச் சமநிலைக்கு வந்த பிறகு 35 டிகிரி வெயிலில், கார் ஏசியில் பரவலாக உள்ள 134ஏ ரகக் கேஸ் சுமார் 114 பிஎஸ்ஐ பிரஷர் காட்டும். உள்ளே 300 கிராம் இருந்தாலும் அதே 114தான், 450 கிராம் இருந்தாலும் அதே 114தான். திரவம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்வரை அந்த முள் வெப்பநிலையைத்தான் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. ஓட்டத்தில் வரும் பிரஷரும் வெயில், காற்றோட்டம், ஃபேன் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கேஸின் அளவே தெரியாத இடத்தில் ஆயில் அளவு எப்படித் தெரியும்? அதனால் டாப்-அப் செய்யும்போது "கொஞ்சம் ஆயிலும் விட்டுடறேன் சார், கம்ப்ரசருக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். எதற்காக, எத்தனை மில்லி என்று அவரால் சொல்ல முடியாவிட்டால் அந்த ஆயில் உள்ளே போகவே கூடாது. இப்படி வருடத்துக்கு ஒரு கடையில் ஒரு தடவை என்று சேர்ந்த ஆயிலால் கூலிங் செத்துப்போன வண்டிகள் கடைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. லீக் பார்க்க விடும் டை திரவமும் இதே கணக்கில் சேரும். அதுவும் ஆயிலில் கலந்துதான் வருகிறது. ஒரு தடவை விட்டால் அந்த நிறம் ஆயிலோடு உள்ளேயே இருக்கும்; ஒவ்வொரு சர்வீஸுக்கும் புதிதாக விட வேண்டியதில்லை.

வருடா வருடம் டாப்-அப் தேவைப்பட்டால் அது சர்வீஸே இல்லை, லீக்கைத் தள்ளிப்போடுவது. அப்படிப்பட்ட வண்டியை மறுபடி நிரப்பும் முன் லீக்கைத் தேடச் சொல்லுங்கள். தேட உதவுவதும் ஆயில்தான். கேஸ் வெளியேறும் இடத்தில் கூடவே கசியும் ஆயில் ஈரமாக நிற்கும், தூசி அதில் ஒட்டிக் கறுத்த திட்டாகத் தெரியும். ஹோஸ் ஜாயின்ட், கம்ப்ரசரை என்ஜினோடு சேர்த்துப் பிரிக்கும் முன்பக்க கிளட்ச் ஓரம், கண்டென்சரின் அடிவரிசை, இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி லீக் சிக்கிவிடும்.

நம் கடலோரத்தில் கண்டென்சர்தான் முதலில் விழும். தேவனாம்பட்டினம், முதுநகர், புதுச்சேரிப் பக்கம் முத்தியால்பேட்டை, காலாப்பட்டு, ஈசிஆரை ஒட்டிய வீடுகள் என்று கடல் காற்று நேராக அடிக்கும் இடங்களில் திறந்த வெளியில் நிற்கும் வண்டிகளின் அலுமினியத் தகடுகள் உப்பில் வெள்ளையாகப் பூத்து உதிரும். அடி ஓரத்தில் சேறும் உப்பும் சேர்ந்து நிற்பதால் ஊசித்துளை பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்ற வண்டிகளும் இதில் சேரும். அப்படி நின்ற வண்டிகளில் கம்ப்ரசர் கிளட்ச், கண்டென்சர் அடிவரிசை இரண்டையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயில் கலந்த கேன் என்ற இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று விற்கிறார்கள். கேஸ், ஆயில் இரண்டும் ஒரே கேனில். சிலவற்றில் லீக்கை அடைக்கும் பசையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் வண்டிக்கு ஆயில் தேவையா இல்லையா என்று அந்தக் கேனுக்குத் தெரியாது. தேவையில்லாத வண்டிக்கும் அது ஆயிலை ஏற்றிவிடும். அந்த ஆயில் எந்த ரகம் என்பதும் பல கேன்களில் தெளிவாக இருக்காது. பசை கலந்தது இன்னும் மோசம். காற்றும் ஈரமும் பட்ட இடத்தில் இறுகும் பொருள் அது, எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளையையும் அடைக்கும், பின்னால் மாட்டும் மெஷினையும் கெடுக்கும். நல்ல கடைக்காரர் ஒருவர் "இந்த வண்டிக்குப் பசை போட்டிருக்கா?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் தன் மெஷினை மாட்டுவார். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மூன்றாவது வழி மெஷின். கம்பெனி சர்வீஸ் சென்டர்களிலும் பெரிய ஏசி கடைகளிலும் இருக்கிறது. உள்ளே இருக்கும் கேஸை முழுக்க இழுத்து எடை போட்டுக் காட்டும், உள்ளே மிஞ்சிய காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுக்கும் (இதைத்தான் வேக்குவம் பிடிப்பது என்போம்), பிறகு பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எடைக்குச் சரியாகக் கேஸை நிரப்பும். அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2788 தரத்துக்குச் செய்த மெஷின் என்றால் நிரப்பும் எடையில் 15 கிராமுக்கு மேல் பிசகக் கூடாது. எடுத்த கேஸைக் காற்றில் விடாமல் திரும்பப் பயன்படுத்துவது இன்னொரு நன்மை. 134ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமம். இந்த வகைக் கேஸ்களைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றிருக்கிறது. சும்மா ஹோஸைத் திறந்து 'புஸ்' என்று விடும் பழக்கம் இனியாவது நிற்க வேண்டும்.

ஆயில் விஷயத்தில் இந்த மெஷின் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் "மெஷின்ல போட்டா ஆயில் லெவல் அதுவே சரி பண்ணிடும்" என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மெஷின் கேஸை இழுக்கும்போது கூடவே வரும் ஆயிலைப் பிரித்து, அளவுக்கோடு போட்ட ஒரு சின்ன பாட்டிலில் விடும். அந்த பாட்டிலில் சேருவது பெரும்பாலும் சில மில்லிதான். மீதி ஆயில் அத்தனையும் வண்டிக்குள்ளேயே இருக்கும். அது எவ்வளவு என்று மெஷினுக்குத் தெரியாது. எடுத்த அளவைப் புது ஆயிலாகத் திரும்பக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதாவது, நேற்று இருந்த ஆயில் அளவை மெஷின் இன்றும் அப்படியே காப்பாற்றும். நேற்றே தவறாக இருந்தால் இன்றும் தவறாகவே இருக்கும்.

அந்தக் காப்பாற்றும் வேலையும் மெஷினை இயக்குபவர் கையில்தான் இருக்கிறது. வேலை தொடங்கும் முன் பழைய பாட்டிலைக் காலி செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் முந்தைய வண்டியின் ஆயிலும் உங்கள் கணக்கில் சேரும். கேஸ் எடுத்து முடித்ததும் உடனே பார்க்காமல் ஆயில் வடிந்து நுரை அடங்கும்வரை சில நிமிடம் விட்டுப் படிக்க வேண்டும். சில இடங்களில் இதையெல்லாம் செய்யாமல் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு, 10 மில்லியோ 15 மில்லியோ, மெஷினில் செட் செய்து வைத்திருப்பார்கள். ஒரு வண்டிக்கு ஒரு தடவை என்றால் பரவாயில்லை. வருடா வருடம் அதே கடையில் அதே செட்டிங் என்றால் ஆயில் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே மெஷின் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மேனிஃபோல்டு கேஜ், நல்ல வேக்குவம் பம்ப், டிஜிட்டல் தராசு, மில்லி கோடு போட்ட அளவுக் குவளை, இந்த நான்கையும் ஒழுங்காகப் பயன்படுத்தும் சின்னக் கடைக்காரர் ஒருவர் நிரப்பும் வேலை, பாட்டிலைப் பார்க்காத ஆள் ஓட்டும் விலையுயர்ந்த மெஷினைவிட நிச்சயம் மேல். இரண்டும் சரியாக அமைந்தால் மெஷினுக்குத்தான் என் ஓட்டு. பழைய கேஸின் எடையைக் காட்டுவது அது மட்டும்தான். ஸ்டிக்கரில் 400 கிராம், வெளியே வந்தது 250 என்று தெரிந்தால் லீக் எவ்வளவு தீவிரம் என்று அப்போதே புரிந்துவிடும்.

வேக்குவம் பற்றி இரண்டு வார்த்தை. கேஜில் 29 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் வேக்குவத்தில் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். நம் ஊர் வெப்பத்தில் அது தாராளமாகப் போதும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவது போதாது. குறைந்தது அரை மணி நேரம், திறந்து வேலை பார்த்த வண்டி என்றால் முக்கால் மணி. ஆயிலுக்குள் ஏற்கெனவே ஊறிவிட்ட ஈரத்தை வேக்குவம் அவ்வளவு எளிதாக இழுத்துவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். அதைப் பிடித்து வைப்பதற்குத்தான் டிரையர் இருக்கிறது. சிஸ்டம் நீண்ட நேரம் திறந்து கிடந்திருந்தால் டிரையரை மாற்றாமல் மூடக் கூடாது.

பாகம் மாற்றும்போது ஆயில் கணக்கு எப்படி மாறுகிறது என்பதில்தான் நம் கடைகளில் அதிகம் பிசகுகிறது. கண்டென்சரைக் கழற்றினால் அதற்குள் தங்கியிருந்த ஆயிலும் அதோடு போய்விடும். அந்த அளவைப் புதியதில் ஊற்றி மாட்ட வேண்டும். பல கம்பெனி மேனுவல்களில் கண்டென்சருக்கு 20 முதல் 40 மில்லி, கூலிங் காயிலுக்கு 30 முதல் 50, டிரையருக்கு 10 முதல் 20, ஒரு ஹோஸுக்கு சுமார் 10 மில்லி என்று இருக்கும். உங்கள் வண்டியின் சரியான எண் அதன் மேனுவலில்தான் இருக்கிறது. மேலே சொன்னது நடப்பது சரியா என்று நீங்கள் பார்த்துக்கொள்ள மட்டும். ஊசித்துளையில் மெதுவாகக் கசிந்த கண்டென்சருக்கு இந்தக் கணக்கு பொருந்தும். கல் அடித்தோ மோதியோ கண்டென்சர் கிழிந்து ஒரே நொடியில் எல்லாம் பீய்ச்சி அடித்திருந்தால் பொருந்தாது. அப்போது கேஸோடு எவ்வளவு ஆயில் பறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விபத்து வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸில் கண்டென்சரை மட்டும் மாற்றி, கேஸ் நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு கோடை கழித்துக் கம்ப்ரசர் சத்தம் போட ஆரம்பிக்கும்போது அந்த விபத்து யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கம்ப்ரசர் மாற்றும்போது கணக்கு தலைகீழ். புதுக் கம்ப்ரசர் பெரும்பாலும் முழு சிஸ்டத்துக்கும் தேவையான ஆயிலைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் என்ன ஆகும் பாருங்கள். சிஸ்டத்தின் மொத்த ஆயில் 120 மில்லி என்று வைத்துக்கொள்வோம். பழைய கம்ப்ரசரைக் கழற்றிச் சாய்த்து வடித்தால் 45 மில்லி வருகிறது. அப்படியானால் மீதி 75 மில்லி கண்டென்சரிலும் காயிலிலும் குழாய்களிலும் இருக்கிறது. அதன் மேல் புதுக் கம்ப்ரசரின் 120 மில்லியும் சேர்ந்தால் 195. தேவையை விட அறுபது சதவீதத்துக்கும் மேல் கூடுதல். சரியான முறை, புதியதிலிருந்து 75 மில்லியை வடித்துவிட்டு 45 மில்லியோடு மாட்டுவது. பல மேனுவல்கள் சொல்வதும் இந்தக் கழித்தல் கணக்கைத்தான். "புதுக் கம்ப்ரசர் போட்டும் பழைய கூலிங் வரலையே" என்று வருகிறவர்களின் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த வடிக்காத ஆயிலைத்தான்.

வெறும் கம்ப்ரசராக, ஆயில் இல்லாமல் வருபவையும் உண்டு. பழையதை ரிப்பேர் செய்து விற்பவற்றில் இது சகஜம். அதை 'எல்லாவற்றிலும் ஆயில் இருக்கும்' என்று நம்பி மாட்டினால் ஒரே நாளில் கதை முடிந்துவிடும். அதனால் எந்தக் கம்ப்ரசராக இருந்தாலும் மாட்டும் முன் முழுக்க வடித்து அளந்து, பிறகு தேவையான அளவைப் புது ஆயிலாக ஊற்றுவதே பத்திரம். ஊற்றிய பின் முன்பக்க ஹப்பைக் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிட வேண்டும். ஆயில் அடியில் தேங்கியிருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே அடி வாங்கும்.

வடித்த பழைய ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிவாகவோ, டை போட்டிருந்தால் மஞ்சள் பச்சையாகவோ இருந்தால் நல்லது. கறுத்திருந்தாலோ வெள்ளித் தூள் மினுமினுத்தாலோ நான்காவது வழியைத் தவிர வேறு வழி கிடையாது.

அந்த நான்காவது வழி, முழுக் கழுவல். கம்ப்ரசர், டிரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வு எல்லாவற்றையும் கழற்றி, குழாய்களையும் கூலிங் காயிலையும் ஃப்ளஷிங் திரவம் விட்டுக் கழுவி, நைட்ரஜன் அடித்துக் கடைசிச் சொட்டுவரை காய வைத்து, பிறகு மேனுவலில் போட்ட முழு அளவையும் புதிதாக ஊற்றுவது. உள்ளே எவ்வளவு ஆயில் என்பது சந்தேகமே இல்லாமல் தெரிவது இந்த ஒரு வழியில் மட்டும்தான். செலவும் நேரமும் அதிகம். ஒரு நாள் முழுக்க வண்டி கடையில் நிற்கும். ஃப்ளஷிங் திரவம் கொஞ்சம் தங்கினாலும் புது ஆயிலை அது நீர்த்துப்போகச் செய்துவிடும் என்பதால் அவசரக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. கம்ப்ரசர் பிடித்த வண்டியில் கண்டென்சரைக் கழுவிச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். இன்றைய கண்டென்சர்களில் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. உள்ளே போன உலோகத் தூள் முழுக்க வெளியே வராது. கண்டென்சரையும் மாற்றத்தான் வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடித்தால் புதுக் கம்ப்ரசரை அதே தூள் தின்னும்.

எந்த வழியில் போனாலும் ஆயில் ரகம் தப்பக் கூடாது. 134ஏ கேஸ் வண்டிகளுக்குப் பேக் (PAG) என்ற செயற்கை ஆயில். அதிலும் 46, 100, 150 என்று கனம் வேறுபடும். பல சின்னக் கார்களுக்கு 46 வரும், ஆனால் ஊகிக்க வேண்டாம், கம்ப்ரசர் மேல் ஒட்டிய லேபிளில் இருக்கும். டென்சோ கம்பெனியின் கம்ப்ரசர் என்றால் 134ஏ கேஸுக்கு என்டி 8 என்ற ஆயில், புதிய 1234ஒய்எஃப் கேஸுக்கு என்டி 12. 134ஏ வருவதற்கு முன்பிருந்த ஆர்12 கேஸ் காலத்து மினரல் ஆயில் 134ஏ கேஸோடு கரையவே கரையாது. கேஸ் சுற்றும், ஆயில் ஏதாவது ஒரு மூலையில் தங்கிவிடும், கம்ப்ரசர் காய்ந்து போகும். வீட்டு ஃபிரிட்ஜ் வேலையும் கார் வேலையும் சேர்த்துப் பார்க்கும் கடைகளில் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சும். வெயில் காலத்திலும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் ஊர் நமது. மூடி சரியாக இல்லாமல் ஷெல்ஃபில் மாதக்கணக்கில் நின்ற ஒரு லிட்டர் டப்பாவிலிருந்து ஊற்றினால் ஆயிலோடு தண்ணீரையும் சேர்த்து ஊற்றுகிறோம். எனவே சின்ன சீல் டப்பாவை உங்கள் கண் முன்னே உடைக்கச் சொல்லுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மெஷினில் மாட்டியிருக்கும் புது ஆயில் பாட்டிலுக்கும் இது பொருந்தும். வடித்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவைத் தெரிந்துகொள்ள மட்டும்தான் அது.

இப்போது யாருக்கு எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாங்கியதிலிருந்து ஒரே கடையில் வேலை பார்த்த வண்டி, ஐந்தாறு வருடம் ஆகி கூலிங் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றால் மெஷினில் எடுத்து அளந்து நிரப்புவது போதும். நாளைக் காலை குடும்பத்தோடு வெளியூர் கிளம்ப வேண்டும், மெஷின் உள்ள கடையில் இடம் கிடைக்கவில்லை என்றால் ஆயில் சேர்க்காத டாப்-அப் செய்துகொண்டு போய்வாருங்கள்; வந்ததும் லீக்கைப் பாருங்கள்.

புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு ஈசிஆரில் தினமும் ஓடும் டாக்ஸி என்றால் என் பதில் கொஞ்சம் கடுமையாக இருக்கும். மணிக்கணக்கில் ஏசி நிற்காமல் ஓடும் வண்டி அது. கேஸ் குறைந்த நிலையில் ஓட்டினால் ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பி வருவதும் குறைந்துவிடும், ஏனென்றால் ஆயிலைச் சுமந்து வருவதே கேஸ்தான். கிளட்ச் இல்லாமல் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் புது ரகக் கம்ப்ரசர்களுக்கு இது இன்னும் ஆபத்து. "சீசன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அரைக் கேஸில் இரண்டு மாதம் ஓட்டுவதைவிட, ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு லீக்கை அடைத்து அளந்து நிரப்புவது லாபம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, இதற்கு முன் யார் யார் என்ன ஊற்றினார்கள் என்றே தெரியவில்லை, கேஸ் எடை சரியாக இருந்தும் கூலிங் வரவில்லை, ஃபேன், கேபின் ஃபில்டர், கண்டென்சர் சுத்தம் எல்லாம் பார்த்தாயிற்று என்றால் அங்கே முழுக் கழுவலுக்குச் செலவு செய்வது நியாயம். கம்ப்ரசரை மட்டும் கழற்றி வடித்து அளந்து பார்ப்பது அதற்கு முந்திய படி. வடித்ததிலேயே மொத்த அளவுக்குப் பக்கத்தில் வந்தால் உள்ளே ஆயில் கூடியிருக்கிறது என்று உறுதி. சொட்டுச் சொட்டாக 10, 15 மில்லிதான் வந்தால் ஒன்று வெளியே போயிருக்கிறது, இல்லை உள்ளே எங்கோ சிக்கியிருக்கிறது. இரண்டில் எது என்று கழுவினால்தான் தெரியும்.

வேலை முடிந்ததும் பில்லில் நான்கு எண்களையும் ஆயில் ரகத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள்: வெளியே வந்த கேஸ் எத்தனை கிராம், உள்ளே போனது எத்தனை கிராம், வெளியே வந்த ஆயில் எத்தனை மில்லி, ஊற்றியது எத்தனை மில்லி, என்ன ரகம். அடுத்த தடவை வேறு கடைக்குப் போனாலும் அந்தத் தாள் உங்கள் வண்டியின் டிப்ஸ்டிக்காக இருக்கும். எழுதித் தரத் தயங்குகிற கடையில் அளக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

எலெக்ட்ரிக் கார், ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன நான்கு வழிகளில் எதையும் தெருமுனைக் கடையில் முயல வேண்டாம் என்று சொல்வேன். அந்தக் கம்ப்ரசர்களுக்குள் உயர் மின்னழுத்த மோட்டாரே ஆயிலில் நனைந்துதான் ஓடுகிறது. அதனால் மின்சாரம் கடத்தாத பிஓஇ (POE) என்ற ரக ஆயில்தான் பெரும்பாலும் அதற்கு. டென்சோவில் என்டி 11. பேக் ஆயில் சிறிதளவு கலந்தாலே மின்காப்பு இறங்கி, வண்டி பழுது காட்டி நின்றுவிடலாம். பெட்ரோல் கார்களுக்குப் போட்ட அதே ஹோஸில் ஒட்டியிருக்கும் ஆயில்கூடப் போதும் அதற்கு. இந்த வண்டிகளுக்கென்று தனி ஹோஸோ, ஹோஸைக் கழுவும் வசதி உள்ள மெஷினோ இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வண்டியை நேராகக் கம்பெனி சென்டருக்குக் கொண்டுபோங்கள்.